காலிக் கோல்

பேர்லேண்ட் பகுதியில் நாங்கள் தொடங்கிய கால்பந்து கிளப் இரண்டே சீசன்தான் நீடித்தது. கோல்கீப்பர் பரணி மார்ச்சில் மாரடைப்பில் இறந்தான். அவனில்லாமல் தொடர யாருக்கும் மனம் வரவில்லை. கடைசி மேட்சைப் பத்துப் பேராக ஆடினோம். கோலில் யாரையும் நிறுத்தவில்லை. பரணியின் மனைவி யாமினி ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

எதிரணி அடித்த பந்து ஒவ்வொன்றும் கோலுக்குள் போகாமல் திரும்பி வந்தது. காற்று பலம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆட்டம் முடிந்ததும் எதிரணி கேப்டன் கிட்டுசாமி வந்தார். எங்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"உங்க கீப்பர் சூப்பரா சேவ் பண்ணாருங்க. கை குடுக்கலாம்னு பாத்தா, அதுக்குள்ள கெளம்பிட்டாரு."



யாமினி பதறி எழுந்தாள். "மேட்ச் முடிஞ்சா நேரா வீட்டுக்குத்தான் வருவாரு. நான் பூட்டிட்டு வந்துட்டேனே!"

காரை நோக்கி ஓடினாள்.