சாம்பல் நிறப் பாட்டு

"இன்னும் ஒவ்வொரு பாட்டா விலைக்கு வாங்குற ஒரே ஆளு நீதாண்டா!" என்று நெஸ்டரைச் செபு நகரம் முழுக்கச் சொல்லிக் கேலி செய்தவர் ரொடெல். மாதச் சந்தா கட்டி, உலகத்துப் பாட்டுகளை எல்லாம் கைபேசியில் கேட்பவர் அவர்.

இன்று திருவிழா மேடைக்குப் பின்னால் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கைபேசியில் அந்த ஒரு பாட்டு மட்டும் சாம்பல் நிறமாகி, ஒலிக்க மறுத்தது.

"சந்தான்னா வாடகை மாதிரி அண்ணே. பாட்டுக் கம்பெனி உரிமையைத் திரும்ப எடுத்துக்கிட்டா, பாட்டும் போயிடும். வாங்கி வெச்சதுதான் நம்மகிட்ட தங்கும்" என்று விளக்கினான் நெஸ்டர்.

"பாடத்தை அப்புறம் நடத்து! உன்கிட்ட இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஏன் இப்படிப் பதறுறீங்க?"

ஒலிபெருக்கி முழங்கியது: "அந்தப் பிரபலமான பாட்டைப் பாடிப் பேர் வாங்கின நம்ம ரொடெல், இப்போ உங்க முன்னாடி நேர்லயே பாடப் போறாரு!"

"சீக்கிரம் போட்டு விடுடா" என்று கெஞ்சினார் ரொடெல். "நான் வாயசைக்கணும்!"