பாதி விலை டிஸ்க்

"அந்த வீடியோ கேமை அவசரப்பட்டு டவுன்லோடு பண்ணித் தொலைச்சுடாதே. நம்ம ஊர் விலை பகல் கொள்ளை! இங்க கடையில டிஸ்க்கா வாங்கினா பாதி விலை."

"சரிங்க."

"கணக்கு டீச்சருக்கே நான் கணக்கு சொல்லித்தர வேண்டியிருக்கு பாரு!"

ஏழு மாதத்துக்கு முன் ஃபோனில் நடந்த பேச்சு அது.

இப்போது அந்தக் கணக்கு டீச்சரின் கணவன், வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக், ஊருக்கு வந்து இறங்கியதும் ஷூவைக்கூடக் கழற்றாமல் டிவிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தான். ஒரு கையில் சட்டைக்குள் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்த வீடியோ கேம் டிஸ்க். மறுகையால் கேம் மெஷினை முன்னால் தடவினான், பின்னால் தடவினான்.

டிஸ்க் போட வழியே இல்லை.

எப்படி இருக்கும்? டிஸ்க் போடாத மாடல்தான் மலிவு என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியவனே அவன்தான்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சனிக்கிழமைதோறும் இதே புராணம். அங்கே டிஸ்க் என்ன விலை, இங்கே டவுன்லோடு என்ன விலை, ஒரே விளையாட்டுக்கு நாட்டுக்கு நாடு வேறு விலை வைத்த புண்ணியவான் எவன்? கல்யாணமாகி நான்கு வருடத்தில் மூன்று வருடம் ஃபோனிலேயே போயிற்று. 'போதும், இங்கேயே வந்துடுங்க' என்று கேட்க அவள் வாயெடுக்கும் போதெல்லாம் அவன் நம்ம ஊரில் கேமுக்குப் போடும் வரியைப் பற்றிய பேச்சுக்குத் தாவிவிடுவான்.

"வாரா வாரம் நீதானே இதைத் தூசி தட்டுறே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"



அவளுக்கு முதல் நாளே தெரியும். சொல்லியிருந்தால் அன்றைக்கே முணுமுணுத்துக்கொண்டு டவுன்லோடுக்குத் தலையாட்டியிருப்பான். அது தானாக வந்து சேர்ந்துவிடும். டிஸ்க் அப்படியில்லை. பார்சல் செலவுக்கு அவனுக்கு மனசு வராது. கையோடு எடுத்துக்கொண்டு ஆள்தான் வந்தாக வேண்டும்.

அதற்குள் அவன் தெளிந்துவிட்டான். "சரி விடு. பத்து நாள்ல திரும்பிப் போறேன்ல, டிஸ்க் போடுற மெஷினாவே வாங்கிட்டு வந்துடறேன். அங்க அதுவும் விலை கம்மி..."

"மெஷினும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்தான்.

"திரும்பிப் போகாதீங்க."