விளிம்பு வரை தேநீர்

"பார்த்தியா, மக்பால் இப்பவே கட்சி மாறிட்டா!" மேசையின் கோடியில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

ரொட்டி ஆலை இயக்குநர் ஓய்வு பெறுகிறார். அவருக்கு மதிய விருந்து. பொட்டலம் கட்டும் பிரிவின் மக்பால்தான் வழக்கம்போல் பால் தேநீர் ஊற்றிக்கொடுத்தாள்.

விற்பனை மேலாளர் தல்கத்துக்கு அரைக் கிண்ணம். மற்ற எல்லோருக்கும் அரைக் கிண்ணம். ரௌஷனுக்கு மட்டும் விளிம்பு வரை.

கசாக் வீடுகளில் அரைக் கிண்ணம் கொடுத்தால், 'இருங்க, இன்னும் ஊத்தறேன்' என்று மரியாதை. நிறைத்துக் கொடுத்தால், 'குடிச்சிட்டு இடத்தைக் காலி பண்ணு!'

ரௌஷனின் முகம் சுண்டிவிட்டது. பதினெட்டு வருடமாக இந்த ஆலையின் அடுப்புகளைக் கட்டி மேய்ப்பவள் அவள்.

"கை தவறிடுச்சா, மக்பால்?"

"இல்லக்கா. பார்த்துத்தான் ஊத்தினேன்."

தல்கத் சிரித்தான். "அடுத்த இயக்குநர் யாருன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்கு."

"விண்ணப்பம் போட்டதே நீங்க ஒருத்தர்தானே!" பக்கத்திலிருந்தவர் ஒத்து ஊதினார்.

ரௌஷனும் எழுதி வைத்திருந்தாள். ஒரு மாதமாக அது கைப்பையிலேயே கிடக்கிறது. மக்பாலிடம் மட்டும் காட்டியிருந்தாள். 'எனக்கு மாவும் அடுப்பும்தான் தெரியும். அந்த நாற்காலியில உட்கார நான் யாரு?' என்று தினமும் புலம்பல் வேறு. இன்று ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

கிண்ணத்தைத் தொடாமல் எழுந்தாள்.

"இத்தனை வருஷம் கூடவே இருந்துட்டு, நீயா இப்படி?"

கண் கலங்க வெளியே வந்தாள். வாசலில் மக்பாலின் கணவர் அஸ்கத் காரைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார்.

"ஏறுங்கக்கா. நகர அலுவலகம் மூடறதுக்குள்ள போய் விண்ணப்பத்தைக் கொடுத்துடலாம்."

ரௌஷன் திகைத்து நின்றாள். பின்னாலேயே அவளுடைய கோட்டைத் தூக்கிக்கொண்டு மக்பால் ஓடி வந்தாள்.

"வாயால சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்க்கா. கேட்டா, நாளைக்கு, நாளைக்குன்னீங்க. பனிப்புயல் அடிச்ச மூணு நாளும் ஊருக்கே ரொட்டி போட்டது யாரு, தல்கத்தா? அவர் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தார்! அங்க உட்கார்ந்து தேநீர் குடிச்சிட்டிருந்தா இன்னிக்கும் போக மாட்டீங்க. அதான் கிளப்பிவிட்டேன். போங்க!"

ரௌஷன் காரில் ஏறினாள்.

ஆறு வாரம் கழித்து, புது இயக்குநர் தன் அறையில் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. உட்காரத்தான் இன்னும் மனம் துணியவில்லை.

கதவைத் தட்டிவிட்டு மக்பால் வந்தாள். தேநீர்க் கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள்.

ரௌஷன் எட்டிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நீ நல்லா இருக்கணும், மக்பால்" என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கிண்ணத்தில் தேநீர் பாதிதான் இருந்தது.