கழுகு அடித்த கன்று

மூன்றாவது வரிசையில் அண்ணன் யோவ்னா உட்கார்ந்திருந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். தேவாலயத்தில் மட்டும்தான் அவன் அப்படிச் செய்வான்.

மேடையில் மண்டியிட்டிருந்த ஹெய்காவுக்கு வேர்த்தது. ஒட்டுத்தாடி ஒரு பக்கம் பிரிந்துகொண்டு வந்தது.

மேடை என்பது நார்வேயின் வடகோடியிலுள்ள கரஸ்யோக் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்தான். ஆதிப்பனி உருகி உலகம் பிறக்கும் இடத்துக்கு நேர் மேலே கூடைப்பந்து வளையம் தொங்கியது.

நடனக்காரர்கள் எல்லோரும் துருவமான்களாகச் செத்து விழுந்தாகிவிட்டது. முரசும் நின்றுவிட்டது. இனி முதியவர் வேடத்தில் இருக்கும் ஹெய்கா பேச வேண்டும். பேசினால் நாடகம் முடியும், குழுவின் இந்த வருடச் சுற்றுப்பயணமும் முடியும்.

எதைப் பேசுவது என்பதுதான் சிக்கல்.

இயக்குநர் ஸ்டெய்னார் எழுதிக் கொடுத்தது முன்னோர், விண்மீன், பனியின் நினைவு என்று போகும். அவர் நார்வே மொழியில் எழுத, யாரோ அதைத் துருவமான் மேய்க்கும் தங்கள் சாமி இனத்தின் மொழிக்கு மாற்றியிருந்தார்கள். முதல் ஊரான பெர்கனில் ஹெய்காவுக்கு அது மறந்துபோனது.

எதிரே இருட்டு. ஒருவர்கூட இருமவில்லை. வாய் தானாகத் திறந்து, அவன் பல வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டது.

பனிவண்டி கவிழ்ந்து யோவ்னா மருத்துவமனையில் கிடந்த வருடம் அது. கோடையில் கன்றுகளின் காதில் உடைமையாளரின் அடையாளத்தை வெட்டும் வேலை ஹெய்காவின் தலையில் விழுந்தது. அண்ணனுடைய பெண்மான் ஒன்றின் பின்னால் ஒரு வெள்ளைக் கன்று ஓடியது. அதைப் பிடித்தான். அதன் காதில் தன் அடையாளத்தை வெட்டினான்.

அண்ணனிடம், கழுகு அடித்துவிட்டது என்றான்.

கன்று போனால் போகட்டும், நீ தனியாளாக அத்தனையையும் பார்த்துக்கொண்டாயே என்று, கட்டுப் போட்ட காலோடு கிடந்த அண்ணன் அவன் கையைத் தடவிக் கொடுத்தான்.

இன்று ஹெய்காவின் மந்தையில் வெள்ளையாகத் துள்ளுவதெல்லாம் அந்தக் கன்றின் வம்சம்.

இதைத்தான் பெர்கனில் சொன்னான். மொழி தெரியாத சனம் எழுந்து நின்று அழுதது. பத்தாயிரம் ஆண்டுப் பழைய பிரார்த்தனை ஒன்றைக் கேட்கும் பேறு வாய்த்தது என்று மறுநாள் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள்.

இனி இதுவே இருக்கட்டும் என்றார் ஸ்டெய்னார். அதற்கு என்ன பொருள் என்று கேட்கவில்லை. ஊர் மணப்பெண்கள்கூடக் குத்தாத அளவுக்கு மார்பில் சாமி இனத்து வெள்ளி நகை குத்தியிருக்கும் மனிதர், தனக்கு மொழி தெரியாது என்று காட்டிக்கொண்டு அதை எப்படிக் கேட்பார்? அவருடைய தாத்தாவைப் பள்ளி விடுதியில் அடித்து அடித்து அந்த மொழியை மறக்கடித்திருந்தார்கள். அதனால் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது.

நடனக்காரர்களில் ரிஸ்டென் ஒருத்திக்குத்தான் அந்த மொழி புரியும். மற்றவர்கள் கிரீன்லாந்திலிருந்தும் ஓஸ்லோவிலிருந்தும் வந்தவர்கள். செத்த மானாகக் கிடந்தபடியே எல்லாவற்றையும் கேட்டவள், பேருந்தில் ஏறும்போது ஒன்று மட்டும் சொல்வாள்.

"என்ன போதகரே, இன்னைக்கு ஜெபம் கொஞ்சம் நீண்டுபோச்சே."

ஊருக்கு ஊர் சொல்லச் சொல்ல ஹெய்காவுக்குக் கனம் குறைந்தது. ட்ரோண்ட்ஹெய்மில் நல்ல தூக்கம் வந்தது. ஸ்டாவங்கரில், கழுகு வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தினால் இன்னும் நன்றாக எடுபடுகிறது என்று கண்டுகொண்டான். ஓஸ்லோவில் கடைசிக் காட்சியை யாரோ படம்பிடித்தார்கள். விளம்பரத்துக்கு என்றார் ஸ்டெய்னார். ஹெய்கா தாடியைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

ஆனால் இது சொந்த ஊர். மூன்று வயதுக் குழந்தைக்கும் மொழி தெரியும். சொன்னால், கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, காப்பி இருக்கா என்று கேட்டபடியே கெண்டியைத் தூக்கிப் பார்க்கும் அண்ணன் இனி வரமாட்டான்.

காலையிலிருந்து ஸ்டெய்னாரின் வரிகளைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

கூட்டம் வேறு. வழக்கமாக இந்தக் குழு வந்தால் நடிகர்களின் அத்தைமார்கள் மட்டும் வருவார்கள், அவர்களும் பாதியில் பின்னல் வேலையை எடுத்துவிடுவார்கள். இன்று சுவரோரம் நிற்கவும் இடமில்லை. குளிர்கால மேய்ச்சலை விட்டுவிட்டு மேய்ப்பர்களே வந்திருந்தார்கள். வாசலெல்லாம் பனிவண்டிகள். நம் இனம் விழித்துக்கொண்டது என்றார் ஸ்டெய்னார், கண் கலங்க.

ஹெய்கா பேசத் தொடங்கினான்.

முன்னோர் வந்தார்கள். விண்மீன் வந்தது. பனி தன் பழைய காலத்தை நினைத்துப் பார்த்தது. ஒரு சொல் பிசகவில்லை.

யாரும் கைதட்டவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

மூன்றாவது வரிசையில் யோவ்னா முன்னால் சாய்ந்தான். காப்பி இருக்கா என்று கேட்கும் அதே குரல்.

"அது இல்லடா. வீடியோவுல கழுகு கதை ஒண்ணு சொன்னியே, அதைச் சொல்லு. ஊரே அதுக்குத்தான் வந்திருக்கு."

செத்துக் கிடந்த ரிஸ்டென் கண்ணைத் திறந்தாள்.

பின்னால் விளக்கு மேசையருகே நின்ற ஸ்டெய்னாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னோருக்கு மறுமொழி சொல்கிறார் என்று நெகிழ்ந்துபோய், புகை இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார்.

பழைய இயந்திரம். புகை ஹெய்காவின் முகம் வரைக்கும் எழவில்லை.