உள்தாழ்ப்பாள்

“எல்லாக் கதவுலயும் உள்தாழ்ப்பாளைக் கழற்றிடுங்க. பாத்ரூம் கதவுலயும்.”

அந்தம்மா சொன்னதும் தச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாழ்ப்பாள் மாட்டத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கழற்றக் கூப்பிட்டது இந்த மகராசி ஒருத்திதான்.

“பாத்ரூமுக்குமா? வீட்டுல ஆம்பளை இருக்காரேம்மா!”

“அவருக்காகத்தான்.”

கணவர் ஜன்னலோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். குடியை நிறுத்திக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று கை நடுக்கமே சொன்னது.

ஒளித்து வைத்துக் குடிப்பார் என்று அந்தம்மாவுக்குச் சந்தேகம்! தச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாய் சும்மா இருக்குமா?

“எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான்மா, என் தம்பி. குடிச்சே வேலையைத் தொலைச்சான். பொண்டாட்டியும் விட்டுட்டுப் போயிட்டா. நான் ஒரு வார்த்தை கேக்கறதில்லை. மாடியில தனி ரூம். என் கையாலயே நல்ல தாழ்ப்பாளாப் போட்டுக் கொடுத்திருக்கேன். சாப்பாட்டைக் கதவுகிட்ட வெச்சிட்டு வந்துடுவோம். மனுஷனை மனுஷனா நடத்தணும்மா.”

கணவர் எழுந்து வந்தார்.

“கழற்றச் சொன்னது நான்தாங்க. அவளைத் திட்டாதீங்க.”

தச்சர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“போன மாசம் வேலை போச்சு. குடிச்சிட்டு, உயிரை விட்டுடலாம்னு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். இவதான் கதவை உடைச்சுக் காப்பாத்தினா. அதிலேருந்து தூங்காம என் கதவுகிட்டயே கிடக்கா. குடி, வேலையில்லாம இருக்கறது, தனிமை எல்லாம் சேர்ந்தா அந்த நினைப்பு திரும்பவும் வரலாம், தனியா இருக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். வந்தா வரட்டும். நான் பொழைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க கழற்றுங்க.”

“பாத்ரூமுக்கு...?”

“உள்ளே இருந்தா பாடிக்கிட்டே இருப்பேன். என் பாட்டைக் கேட்டா ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க.”

அந்தம்மா சிரித்துவிட்டாள்.

தச்சர் மளமளவென்று எல்லாவற்றையும் கழற்றினார். வாசலுக்கு வந்ததும் போனை எடுத்தார்.

“தம்பி, கீழே போய் அண்ணிகூட உட்காரு. நான் வந்துகிட்டே இருக்கேன். வந்து உன் ரூம் தாழ்ப்பாளைக் கழற்றப் போறேன். அப்புறம் ரெண்டு பேரும் டாக்டரைப் பார்க்கறோம்.”

உடைந்த குரலில் தம்பி கேட்டான்:

“உனக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?”

“முதல்ல கதவைத் திறடா.”

போனில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கும்வரை தச்சருக்கு மூச்சே வரவில்லை.