கொள்ளிட மணலில் ஒற்றைப் பூ

திருமழபாடிக் கொள்ளிடக்கரை மணல்மேட்டில் மூன்று பேர் இருக்கிறோம். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் பரிமளா ஒரு பூவின் எதிரே மண்டியிட்டிருக்கிறார். அதே இடத்தில் வெள்ளரிக்குக் குழி வெட்ட வந்த மணிவேல் மண்வெட்டிப் பிடிமேல் உட்கார்ந்திருக்கிறார். பரிமளா சொல்லச் சொல்லக் கடிதம் எழுதும் நான் குடை நிழலில். சுடுமணலில் இருப்பது ஒரே செடி. அதில் நகமளவு மஞ்சள் பூ ஒன்றே ஒன்று. பாலைநிலத்துச் செடி போலிருக்கிறது. பூவைக் கோயம்புத்தூர் தாவர ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் பெயர் உறுதியாகும். பறித்தால் விதை விழாது. “பூவுக்குக் காவலிருந்தேன்னு சொன்னா எம் பொண்டாட்டி சோறு போடுவாளா டீச்சர்?” என்கிறார் மணிவேல். “கொஞ்சம் தள்ளி வெட்டுங்கண்ணே.” “அப்ப நீங்க பறிக்கலீங்களா?” பரிமளா பூவை வெட்ட எடுத்திருந்த கத்தரிக்கோலைப் பைக்குள் போடுகிறார். மணிவேல் சிரித்தபடி தள்ளிப்போய் முதல் குழியை வெட்டுகிறார். அங்கேயே வரைந்த பூவின் படத்தையும் ஒரு சிட்டிகை மணலையும் உள்ளே வைத்து, ‘பெயர் தெரியாமல் போனாலும் பூ இங்கேயே இருக்கட்டும்’ என்று பரிமளா சொன்ன கடைசி வரியோடு உறையை ஒட்டி, தபாலில் சேர்க்கச் சொல்லி அரியலூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.