பன்னிரண்டு மணிக்குள் ஐம்பது

2019 மார்ச் 14, காலை எட்டு மணி, திருநெல்வேலி. லாரி ஓட்டுநர் மாசானத்துக்கு மூளைச்சாவு என்று இரண்டாம் சோதனையும் உறுதி செய்தது. மனைவி பிரம்மசக்தி உறுப்பு தானத்துக்குக் கையெழுத்திட்டாள். ஆனால் அவன் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் முப்பத்தைந்து சதவீதம்தான் இருந்தது. நண்பகலுக்குள் ஐம்பதைத் தொடாவிட்டால் அந்த இதயம் வேண்டாம் என்று அதைப் பெறவிருந்த சென்னை மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

“மருந்து ஏத்துதேன் அண்ணாச்சி” என்று மாசானத்திடம் சொல்லிவிட்டு செவிலியர் ஜான்சி ஹார்மோன் மருந்தைத் திறந்துவிட்டாள்.

“செத்தவருக்கு எதுக்கும்மா மருந்து?” என்றாள் பிரம்மசக்தி.

“இதயம் சோர்ந்து கெடக்குக்கா. தேத்துனாத்தான் இன்னொருத்தருக்கு வைக்கலாம்.”

“உசுரோட இருக்கையில ஒரு மாத்திர முழுங்கவைக்க நான் பட்ட பாடு!” பிரம்மசக்தி கணவனின் காதருகே குனிந்தாள். “இப்பமாவது அடம்புடிக்காதீய.”

பத்து மணிக்கு நாற்பது. பதினொன்றுக்கு நாற்பத்தாறு. பதினொன்று ஐம்பதுக்கு எக்கோ பார்த்த மருத்துவர், “ஐம்பத்திரண்டு!” என்று கத்தியேவிட்டார்.

“ஏறிட்டுக்கா, ஏறிட்டு!” ஜான்சி பிரம்மசக்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பிரம்மசக்தி அழுகையோடு சிரித்தாள். “பதினாறு வருசத்துல இன்னைக்குத்தான் எம் பேச்சக் கேட்டிருக்காரு.”

அன்றிரவு அந்த இதயம் சென்னையில் ஒரு பள்ளி ஆசிரியைக்குப் பொருத்தப்பட்டது.